மைனஸில் வந்த கேஎம்: கொள்ளு யூரியேஸ் பிராஜக்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எந்த நொதிக்கும் கேஎம் மதிப்பு மைனஸில் வர முடியாது. நொதியின் வேகம் உச்சத்தில் பாதியை எட்ட எவ்வளவு செறிவில் சப்ஸ்ட்ரேட் (நொதி மாற்றுகிற பொருள்) வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. செறிவு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆனால் பி.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டு மாணவிகள் மூன்று பேர் கொண்டுவந்த வரைபடத்தில் கேஎம் மைனஸில்தான் இருந்தது. எக்செல் போட்ட கோடு சரி. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. பைப்பெட் பிடிப்பதில் மூவருமே நல்ல கைகாரிகள்.

நான் வேதியியல் துறையில் இருக்கிறேன். உயிர்வேதியியல் பிள்ளைகளுக்கு முதலாண்டில் அலைடு கெமிஸ்ட்ரி எடுப்பதும் நான்தான். அதனால் பிராஜக்ட் சமயத்தில் ஏதாவது சிக்கினால் என்னிடமும் வந்து நிற்பார்கள். இவர்களும் அப்படித்தான் வந்தார்கள். அந்த மைனஸ் குறி எங்கே பிறந்தது என்று தேடிப் போனதில், நொதி இயக்கவியல் பாடத்தை அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. கோளாறு முழுக்க அதற்குக் கீழே இருந்தது. பள்ளியிலும் கல்லூரி முதலாண்டிலும் படித்து, பரீட்சை எழுதி, மூடி வைத்துவிட்ட வேதியியல் அது. உயர்நிலை உயிர்வேதியியல் படிக்கிற நிறையப் பேருக்கு இதே இடத்தில்தான் கால் இடறுகிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கொள்ளை ஏன் எடுத்தார்கள்

யூரியேஸ், யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும் நொதி. அது இல்லாவிட்டால் வெறும் தண்ணீரில் யூரியா சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். வயலில் மேலுரமாக யூரியா போட்ட இரண்டொரு நாளில் அம்மோனியா நெடி அடிப்பதற்கு மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ்தான் காரணம். குழுவில் இருந்த ஒரு பெண் விவசாயக் குடும்பம். தலைப்பைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

பருப்பு வகைகளின் விதையில் இந்த நொதி தாராளமாக இருக்கிறது. கொள்ளு மளிகைக் கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. பட்ஜெட் இல்லாத கல்லூரிகளில் யூரியேஸ் பிராஜக்ட் என்றால் பெரும்பாலும் கொள்ளுதான்.

இந்த நொதிக்கு வரலாற்றிலும் பெரிய இடம் உண்டு. உலகில் முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி இதுதான். 1926-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் அதைச் செய்தார். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர். அதுவரை இடது கைப் பழக்கக்காரர். கற்பிக்கும் சுமை அதிகம், கருவி குறைவு, பணம் குறைவு. அந்த நிலையில் கனவேலியா என்கிற அவரை வகையின் விதை மாவை நீர்த்த அசிட்டோனில் பிரித்து, வடிகட்டி, குளிரில் வைத்து, ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது எண்முகப் படிகங்கள் தெரிந்தன. நொதி என்பது ஒரு புரதம் என்று அவர் சொன்னதை ஜெர்மானிய வேதியியலாளர்கள் பல வருடம் ஏற்கவில்லை. 1930-ல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பிறகுதான் காற்று மாறியது. 1946-ல் சம்னருக்கு நோபல் பரிசு வந்தது. அமைலேஸ் பிராக்டிகலில் நம் பிள்ளைகள் சர்க்கரையை அளக்கப் பயன்படுத்தும் டிஎன்எஸ் (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) கரைசலும் அவர் தந்ததே.

அந்த அவரை யூரியேஸின் முழு மூலக்கூறு அமைப்பு 2010-ல்தான் வெளிவந்தது. அதைக் கண்டறிந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கும் படிகவியல், உயிர்இயற்பியல் துறையினர். சம்னரின் படிகத்துக்கும் கிண்டியின் அமைப்புக்கும் இடையே எண்பது வருடங்களுக்கும் மேல். இதைச் சொன்னபோது மூன்று பேர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. பாடத்தில் வரும் நொதிக்கு நம் ஊரிலும் ஒரு வேர் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமில்லை.

என்ன செய்தார்கள்

செய்முறை, அலமாரியில் இருந்த பழைய பிராஜக்ட் ரிப்போர்ட் ஒன்றிலிருந்து வந்தது. கொள்ளு மாவைப் பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சென்ட்ரிபியூஜ் செய்து, மேலே தெளிந்ததை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு டியூபிலும் மொத்தம் 1 மில்லி வினைக்கலவை. அதில் யூரியா 1 முதல் 10 மில்லிமோலார் வரை பல அளவுகளில். கூடவே 50, 100 என்று இரண்டு டியூப். பிஹெச் 7, 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் 0.1 மில்லி. மீதி நொதிச் சாறும் தண்ணீரும். 37 டிகிரியில் 30 நிமிடம். பிறகு அமிலம் விட்டு நிறுத்தி, ஒரு பங்கை எடுத்து நீர்த்து, அம்மோனியாவைக் காட்டும் நெஸ்லர் கரைசல் சேர்த்து, வரும் மஞ்சள் நிறத்தைக் கலரிமீட்டரில் படித்தார்கள்.

50, 100 டியூப்களில் ரீடிங் ஏறாமல் இறங்கியிருந்தது. அதற்கு 'சப்ஸ்ட்ரேட் தடுப்பு' (சப்ஸ்ட்ரேட் மிகுந்து நொதியையே மந்தமாக்குவது) என்று பெயர் வைத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதிப் புள்ளிகளை வைத்து லைன்வீவர்-பர்க் கோடு போட்டார்கள். வேகத்தின் தலைகீழி செங்குத்து அச்சில், செறிவின் தலைகீழி கிடை அச்சில். கோடு ஆதிப்புள்ளிக்குச் சற்றுக் கீழே போய் செங்குத்து அச்சை வெட்டியது. விமேக்ஸ் (நொதியின் உச்ச வேகம்) மைனஸ், கேஎம்மும் மைனஸ்.

"மேடம், அந்தப் பழைய ரிப்போர்ட்ல கேஎம் 3 மில்லிமோலார் பக்கம் இருக்கு. அதையே எழுதிடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டது, பைண்டிங் கடையில் ஏற்கனவே வரிசை. இருந்தாலும் கேட்டுவிட்டு அவளே, "ஆனா நம்ம டியூப்ல என்னதான் நடந்துச்சுன்னு தெரியணும் மேடம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் உட்கார்ந்தேன்.

டியூபுக்குள் எவ்வளவு இருந்தது

நான் முதலில் கேட்டது கேஎம்மைப் பற்றி இல்லை. "2 மில்லிமோலார் டியூபை எடுங்க. அதுல மொத்தம் எவ்வளவு யூரியா இருந்துச்சு?" என்று கேட்டேன். சற்று அமைதி. செறிவைக் கேட்டால் உடனே சொல்வார்கள். அளவைக் கேட்டால் யோசிக்கிறார்கள். 2 மில்லிமோலார், 1 மில்லி. ஆகவே 2 மைக்ரோமோல். ஒரு யூரியாவிலிருந்து இரண்டு அம்மோனியா. அந்த டியூப் தலைகீழாக நின்றாலும் 4 மைக்ரோமோலுக்கு மேல் அம்மோனியா தர முடியாது.

அட்டவணையைப் பார்த்தோம். அந்த டியூபுக்கு எதிரே எழுதியிருந்த அம்மோனியாவும் ஏறத்தாழ அதே அளவுதான். 4 மில்லிமோலார் டியூபில் ஏறத்தாழ 8. அடுத்ததிலும் அதே கதை. அதாவது 30 நிமிடம் முடிவதற்கு முன்பே யூரியா தீர்ந்துவிட்டது. நொதி எப்போதோ வேலையை முடித்துவிட்டு நின்றுவிட்டது. அவர்கள் வேகம் என்று நினைத்துக் கணக்கிட்டது வேகமே இல்லை. தாங்கள் ஊற்றிய யூரியாவைத் திரும்ப அளந்திருக்கிறார்கள்.

இது புரிந்ததும் வரைபடமும் தானாகவே பேச ஆரம்பித்தது. ஊற்றிய யூரியா முழுக்க அம்மோனியாவானால் 'வேகம்' செறிவுக்கு நேர்விகிதத்தில்தான் வரும். அப்படியானால் தலைகீழிக் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தான் போயாக வேண்டும். விமேக்ஸ் முடிவிலி, கேஎம்மும் முடிவிலி. லைன்வீவர்-பர்க் கோடு ஆதிப்புள்ளிக்கு அருகே போகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சப்ஸ்ட்ரேட் தீர்ந்துபோனதைத்தான். இதை எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு வரியாகக் கூட நான் பார்த்ததில்லை.

சரி, ஆதிப்புள்ளிக்கும் கீழே ஏன் போனது? அதற்குக் காரணம் யூரியா மிகக் குறைவாக இருந்த டியூப். 1 மில்லிமோலார் டியூபில் நிறம் மிகக் குறைவு. கொள்ளுச் சாறே சற்றுக் கலங்கலாக இருக்கும், அதனால் பிளாங்க்கின் (கழிப்பதற்காக வைக்கும் ஒப்பீட்டு டியூபின்) ரீடிங் பெரிது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து மிஞ்சும் சின்ன எண்ணில் கொஞ்சம் பிசகினாலும் தலைகீழி எடுக்கும்போது அது ஊதிப் பெரிதாகும். 0.05 வரவேண்டிய இடத்தில் 0.04 வந்தால் தலைகீழி 20-லிருந்து 25-க்குத் தாவும். அந்தப் புள்ளி கோட்டின் வலது ஓரத்தில், தனியாக, தூரத்தில் நிற்கிறது. அது சற்று மேலே போனால் மொத்தக் கோடும் செங்குத்தாகி, இடது பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். அளவீடுகளிலேயே நம்பிக்கை குறைந்த புள்ளிக்கு அதிக அதிகாரம் தரும் வரைபடம் இது. 1934-ல் கணினி இல்லாத காலத்துக்கு அது அருமையான வழி. இன்று எக்செலிலேயே சால்வர் இருக்கிறது, நேரடியாக வளைகோட்டைப் பொருத்தலாம். ஆனாலும் நாம் இன்னும் கிராஃப் ஷீட்டையும் ஸ்கேலையும் விடவில்லை.

5 மைக்ரோமோல் பஃபர்

நீக்கிவிட்ட அந்த இரண்டு டியூப்களுக்கு வந்தோம். சப்ஸ்ட்ரேட் தடுப்பு என்று முடிவுகட்டும் முன் பஃபரைக் கேட்க வேண்டும். 50 மில்லிமோலார் பஃபர் 0.1 மில்லி என்றால் 5 மைக்ரோமோல் பாஸ்பேட். பாஸ்பேட்டின் இரண்டாவது பிகேஏ (புரோட்டான் உள்ள வடிவமும் இழந்த வடிவமும் சரிபாதியாக இருக்கும் பிஹெச்) 7.2. பிஹெச் 7-ல் அதில் ஏறத்தாழ 3 மைக்ரோமோல்தான் புரோட்டான் கொடுக்கத் தயாராக இருக்கும் வடிவம்.

இன்னொரு பக்கம், ஒரு யூரியா சிதைந்து இரண்டு அம்மோனியம் அயனியும் ஒரு பைகார்பனேட்டும் வரும்போது கரைசலிலிருந்து நிகரமாக ஒரு புரோட்டான் போகிறது. 50 மில்லிமோலார் டியூபில் இருப்பது 50 மைக்ரோமோல் யூரியா. அதில் ஒரு சின்னப் பகுதி உடைந்தாலே 3 மைக்ரோமோல் காலி. அதன் பிறகு பிஹெச்சைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. அம்மோனியாவும் கார்பனேட்டும் சேர்ந்து தாங்களாகவே 9-க்கு அருகே கொண்டுபோய் நிறுத்தும். நொதியின் வேகம் 7-ல் ஆரம்பித்து 9-ல் முடிந்தால், அளந்தது எந்த பிஹெச்சின் வேகம்?

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது மேல் என்று, பிஹெச் ஏறினால் நிறம் மாறும் பீனால் ரெட் பாட்டிலை எடுத்தேன். அதே பஃபர், அதே யூரியா, இரண்டு சொட்டு பீனால் ரெட். கரைசல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. நொதிச் சாறை விட்டதும் டியூபை மூவரும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். சாறு விழுந்த இடத்தில் ஒரு இழை போலச் சிவப்பு கிளம்பியது, கலக்கியதும் மறைந்தது, மறுபடி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு டியூபும் அடர் ரோஸ் ஆகிவிட்டது. வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி அறையில் பார்ப்பதும் இதே வேதியியல்தான்: எடுத்த திசுத்துணுக்கை யூரியாவும் பீனால் ரெட்டும் உள்ள ஜெல்லில் வைப்பார்கள், கிருமியின் யூரியேஸ் அதை ரோஸாக்கும்.

இந்த மூன்று பேருமே, பஃபரின் பிஹெச்சைக் கணக்கிடும் ஹெண்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டைக் கரும்பலகையில் தடங்கலில்லாமல் வருவிப்பார்கள். அதில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் 'என் டியூபில் இருக்கும் பஃபர் எத்தனை மைக்ரோமோல் காரத்தைத் தாங்கும்' என்ற கேள்வி அவர்களிடம் யாராலும் கேட்கப்படவில்லை. பஃபர் அலைடு கெமிஸ்ட்ரி நோட்டில் இருக்கிறது, யூரியேஸ் என்சைமாலஜி நோட்டில் இருக்கிறது. இரண்டு நோட்டும் ஒரே மேஜையில் திறந்து வைக்கப்பட்டதே இல்லை.

அதிகச் செறிவில் ரீடிங் இறங்கியதற்கு நெஸ்லர் கரைசலுக்கும் பங்குண்டு. அம்மோனியா மிகுந்தால் நிறம் கரைசலாக நிற்காது, பழுப்பு வீழ்படிவாகிவிடும். டியூபின் அடியில் அது படிந்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், ரெக்கார்டில் குறித்தும் இருக்கிறார்கள். ஆனால் அதைக் காரணத்தோடு சேர்க்கவில்லை.

1913-ல் இருந்த பதில்

இந்தப் பிள்ளைகள் சறுக்கிய இரண்டு இடங்களும் நொதி இயக்கவியலின் பிறப்போடு சம்பந்தப்பட்டவை. நொதியின் வேகத்தைச் சப்ஸ்ட்ரேட் செறிவோடு இணைக்கும் சமன்பாடு இன்று மைக்கேலிஸ்-மென்டன் பெயரில் வழங்குகிறது; பாரிஸில் விக்டர் ஆன்ரி 1903-லேயே கிட்டத்தட்ட அதே சமன்பாட்டை எழுதிவிட்டார். ஆனால் அவருடைய சோதனைகளில் பிஹெச் கட்டுப்பாட்டில் இல்லை. பிஹெச் என்ற அளவுகோலையே சோரன்சன் 1909-ல்தான் கொண்டுவந்தார். பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து வந்த மருத்துவர் மாட் மென்டனும் 1913-ல் சர்க்கரையை உடைக்கும் இன்வர்டேஸை எடுத்துக்கொண்டு, அசிட்டேட் பஃபரில் பிஹெச்சை நிறுத்தி, வினையின் தொடக்க வேகத்தை மட்டும் அளந்தார்கள். விளைபொருள் சேர்ந்து குழப்புவதற்கு முன், சப்ஸ்ட்ரேட் குறைவதற்கு முன் உள்ள வேகம். அந்த இரண்டு ஒழுங்குதான் அவர்கள் பெயரை நிலைக்க வைத்தது என்பது என் கருத்து.

நம் வினாத்தாளில் 'மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டை வருவி' என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும். 'தொடக்க வேகம்' என்ற அனுமானத்தைப் பிள்ளைகள் முதல் வரியில் எழுதிவிட்டு அல்ஜீப்ராவுக்குப் போய்விடுவார்கள். அந்த முதல் வரிதான் மொத்த சோதனையையும் தாங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. பாடத்திட்டத்தில் பாடம் குறைவில்லை. தனித்தனிப் பேப்பரில் படித்ததை ஒரே டியூபில் சேர்த்துப் பார்க்க வைக்கும் ஒரு மணி நேரம்தான் எங்குமே இல்லை. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்கு உட்காரும்போது அங்கே கேட்பதெல்லாம் இந்தச் சேர்த்துப் பார்க்கும் கேள்விகள்தான். நன்றாகப் படித்த கிராமத்துப் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மறுபடி செய்தபோது

முதலில் நேரத்தை அளந்தார்கள். ஒரே யூரியா செறிவு, ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் பல டியூப்கள். அம்மோனியா நேர்கோட்டில் ஏறும் வரைதான் அது வேகம். பழைய நொதிச் சாறில் கோடு சில நிமிடங்களிலேயே வளைந்துவிட்டது. சாறை நன்றாக நீர்த்து, நீர்த்து, மிகக் குறைந்த செறிவிலும் கோடு நேராக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். யூரியாவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உடையக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டோம்.

அந்த வரம்பு வைத்ததுமே அடுத்த சிக்கல். 1 மில்லிமோலாரில் பத்தில் ஒரு பங்கு உடைந்தால் வரும் அம்மோனியா 0.2 மைக்ரோமோல். கலங்கல் சாறில் நெஸ்லரை வைத்து அவ்வளவு குறைவாக நம்பி அளக்க முடியாது. அதனால் பீனால்-ஹைப்போகுளோரைட் முறைக்கு மாறினார்கள். 1859-ல் பெர்தலோ கண்ட வினை அது. நைட்ரோபுருசைடு ஊக்கியோடு அம்மோனியா இண்டோபீனால் நீலமாகிறது, 625 நானோமீட்டர் பக்கம் படிக்கலாம், உணர்திறன் மிக அதிகம். நெஸ்லரில் பாதரசம் இருக்கிறது என்பதும் நான் அதை விடச் சொன்னதற்கு ஒரு காரணம். பல ஆய்வகங்களில் அது நேராக சிங்க்கில் போய்க்கொண்டிருக்கிறது. பழைய கழிவை மட்டுமாவது தனிப் பாட்டிலில் சேர்த்து, மூடி, லேபிள் ஒட்டி வைத்தோம்.

பஃபரில்தான் நீண்ட விவாதம். பாஸ்பேட்டின் பிகேஏ 7.2, ஆகவே பிஹெச் 7-க்குப் பொருத்தம் என்பது சரியான வாதம். ஆனால் பாஸ்பேட்டே யூரியேஸுக்குப் போட்டித் தடுப்பான், அதாவது யூரியா உட்கார வேண்டிய இடத்துக்கே போட்டி போடும் பொருள். யூரியேஸின் மையத்தில் இரண்டு நிக்கல் அயனிகள் இருக்கின்றன. நொதி ஒன்றில் நிக்கல் இருப்பதை ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1975-ல் முதன்முதலாகக் கண்டது இந்த நொதியில்தான். அந்த நிக்கலைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்கிறது. போட்டித் தடுப்பான் இருந்தால் விமேக்ஸ் மாறாது, கேஎம் கூடித் தெரியும். அதாவது கேஎம்மை அளக்க எடுத்த பஃபரே கேஎம்மை மாற்றுகிறது. பாஸ்பேட்டுக்குப் பதில் ஹெப்பிஸ் என்ற பஃபர், 50 மில்லிமோலார், பிஹெச் 7.5 என்று முடிவாயிற்று. அதன் பிகேஏவும் 7.5-தான். அதோடு உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இடிடிஏ சிறிது. இந்த நொதியின் தயால் (கந்தகம் உள்ள) தொகுதிகளைக் கன உலோக அயனிகள் கெடுத்துவிடும் என்பதால். யூரியாவையும் தண்ணீரில் கரைக்காமல் அதே பஃபரில் கரைத்தார்கள்.

இந்த முறை 50, 100 டியூப்களில் வேகம் இறங்கவில்லை. மற்ற புள்ளிகள் காட்டிய, ஏறி மெல்லத் தட்டையாகும் வளைகோட்டிலேயே அவையும் போய்ச் சேர்ந்தன. சப்ஸ்ட்ரேட் தடுப்பு என்று எழுதியிருந்த பத்தியை அடித்துவிட்டார்கள். கேஎம் ஒற்றை இலக்க மில்லிமோலாரில், பிளஸ்ஸில் வந்தது. அவரை யூரியேஸுக்கு நூல்களில் காணும் 3 மில்லிமோலார் பக்கம்தான், ஆனால் அதே எண் இல்லை. அதைச் சரிக்கட்டாமல் வந்ததை வந்தபடியே எழுதினார்கள். சுத்திகரிக்காத சாறில் எடுத்த மதிப்பு என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். முதல் வரைபடத்தையும் கிழித்துப் போடாமல் ரிப்போர்ட்டில் சேர்த்து, அடியில் காரணத்தை விளக்கினார்கள். என்னைக் கேட்டால் அந்த ரிப்போர்ட்டிலேயே மிகச் சிறந்த பக்கம் அதுதான்.

வைவாவில் எக்ஸ்டர்னல், "எல்லாரும் பாஸ்பேட் போடும்போது நீங்க ஏன் ஹெப்பிஸ்?" என்று கேட்டிருக்கிறார். விவசாயக் குடும்பத்துப் பெண் நிக்கலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். பிகேஏ, தாங்கும் அளவு, ஒரு யூரியாவுக்கு ஒரு புரோட்டான் என்று கணக்கைப் பேப்பரில் போட்டே காட்டியிருக்கிறாள். பாதியைத் தமிழில்தான் சொன்னாளாம்.

செய்யாமல் விட்டவையும் உண்டு. அசிட்டோனில் வீழ்படிவாக்கிச் சுத்திகரிக்க நேரம் போதவில்லை. பாஸ்பேட்டின் தடுப்பைத் தனியாக அளக்கவும் இல்லை. அந்தத் தடுப்பு 7.5-க்கு மேல் வெகுவாகக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பிஹெச் 6.5-லும் 7.5-லும் பாஸ்பேட்டோடும் இல்லாமலும் கேஎம் எடுத்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். இப்போதைய இரண்டாமாண்டில் இருவர் அதைத் தங்கள் பிராஜக்ட்டாக எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். முதல் வேலையாக, ஒவ்வொரு டியூபிலும் எதெது எத்தனை மைக்ரோமோல் இருக்கும் என்று ஒரு அட்டவணை போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.